சம்பந்தி அம்மாவுக்கு மட்டும் தெரியாத வால்நட்சத்திரம்

மார்ச் 4

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் ஆசை. நீங்கள்தான் போனையே எடுக்க மாட்டேன் என்கிறீர்களே, பிறகு நலத்தை எப்படி அறிவது? மாப்பிள்ளையைக் கேட்டால், "அம்மா நல்லாத்தான் இருக்காங்க மாமா, வேலை ஜாஸ்தி" என்று நழுவுகிறார். என் மகளைக் கேட்டால், அத்தையிடம் அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று என்னையே குடைகிறாள். அதனால்தான் கடிதம். போன் என்றால் எடுக்காமல் விடலாம். கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க யாராலும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூலகத்து மொட்டை மாடிக்குச் சிரித்துக்கொண்டுதான் ஏறி வந்தீர்கள். மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் காப்பிகூடக் குடிக்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டீர்கள். அன்றிலிருந்து என் மனைவி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கடைக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வருகிறவர்களிடம், "உள்ளதான் இருக்கார், பேச்சு மட்டும் குடுத்துடாதீங்க" என்கிறாள்.

நடந்ததை நானும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஊரே வால்நட்சத்திரம் பார்க்க வரிசையில் நிற்கிறது. உங்கள் முறை வந்தது. டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே" என்றீர்கள். நிதானமாகப் பாருங்கள் என்றேன். மறுபடியும் பார்த்துவிட்டு, "அங்க ஒண்ணுமே இல்லை சம்பந்தி" என்றீர்கள். என் கையில் மைக் இருந்தது. "சம்பந்தி அம்மாவை முதல்ல கண் டாக்டர்கிட்ட காட்டணும் போல" என்று சொல்லிவிட்டேன். வேடிக்கைக்குச் சொன்னது. கூட்டம் சிரித்தது. நீங்களும் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

இதற்கா இவ்வளவு கோபம்? நான் ஆசை ஆசையாய்ச் செய்த டெலஸ்கோப்பைப் பார்த்து, "இதென்ன, டேங்குக்குப் போற பைப்பா?" என்று கேட்டது யார்? நான் ஒரு நாளாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேனா?

இரண்டு வரியாவது எழுதுங்கள். என் மனைவிக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

மார்ச் 9

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நலம். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் வந்து குவிந்து கிடக்கிறது. அதனால்தான் போனை எடுப்பதில்லை.

கோபமெல்லாம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். பைப் என்று நான் சொன்னது உங்கள் வீட்டுக் கூடத்தில், நம் ஆட்கள் நான்கு பேர் முன்னால். நீங்கள் சொன்னது மைக்கில். கீழே தெருவில் பழம் விற்றுக்கொண்டிருந்தவர்கூட அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். நான் தையல்காரி. என் கண்ணை நம்பித்தான் ஜனங்கள் புதுத் துணியைக் கொடுத்து, கத்தரி வை என்கிறார்கள். உங்கள் கடைக்கு நான் வந்து, வாடிக்கைக்காரர்கள் முன்னால், இவருக்குக் கை நடுங்குகிறது என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நினைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுத வேண்டாம்.

உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லவும். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். சும்மாதான் கேட்கிறேன். எனக்கு முன்னால் சால்வை போட்ட ஒருவர் பார்த்தாரே, கவுன்சிலர் என்றீர்கள், அவருக்குத் தெரிந்ததா? எனக்குப் பின்னால் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் நின்றார். அவருக்குமா தெரிந்தது?

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அம்மா

மார்ச் 13

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குப் பதில் எழுதாவிட்டால் அது மரியாதை இல்லை.

முதலில் மன்னிப்பு. மைக்கில் சொன்னது தப்புதான். உங்கள் கடிதத்தை என் மனைவி சத்தமாகப் படித்தாள். "கை நடுங்குகிறது" என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். எனக்கு உறைத்தது.

இப்போது பதில். கவுன்சிலருக்குத் தெரிந்ததாவது! டெலஸ்கோப்பின் தோளில் கை போட்டு, சாய்ந்து நின்று, போட்டோ எடுத்துக்கொண்டு, பிறகு பார்த்தார். "அடேயப்பா, வால் எவ்வளவு நீளம்" என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தார். தடித்த கண்ணாடிப் பெரியவர், "ஆமா ஆமா, அழகா இருக்கு" என்றார். அவருக்குப் பின்னால் மருந்துக் கடைக்காரர், கைக்குழந்தைக்காரி, பஸ் டிரைவர், வங்கியில் வேலை பார்க்கும் அக்கா தங்கை, எல்லோரும் பார்த்தார்கள். இருட்டி வால்நட்சத்திரம் தானியக் கிடங்கின் கூரைக்குப் பின்னால் இறங்கும்வரை வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. தெரியவில்லை என்று ஒருவர் சொல்லவில்லை.

நான்தான் வரிசை தொடங்கும்போதே மைக்கில் சொன்னேனே: "பளிச்சுன்னு தெரியாது. ஊதின புகை மாதிரி மங்கலா இருக்கும். முதல்ல ஒண்ணும் இல்லாத மாதிரிதான் தோணும். ஓரக்கண்ணால பாருங்க, தானா தெரியும்." நீங்கள் நேராக முறைத்துப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஆனாலும் ஒரு வார்த்தை. வேடிக்கையை விட்டுவிட்டுச் சொல்கிறேன். ராப்பகலாகத் தைக்கிறவர் நீங்கள். அவ்வளவு பேருக்குத் தெரிந்தது ஒருவருக்குத் தெரியவில்லை என்றால், ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுவதில் என்ன நஷ்டம்? வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

இங்கே மற்றபடி சுகம். டெலஸ்கோப்பை நூலகத்திலிருந்து ஆட்டோவில் ஏற்றி வரும்போது எங்கோ இடித்துவிட்டார்கள். மேலே குறி பார்க்கும் சின்னக் குழலின் திருகு லொடலொடவென்று ஆடுகிறது. ஆட்டோக்காரரோடு அது ஒரு சண்டை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

மார்ச் 18

சம்பந்திக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். உங்கள் மனைவியிடம் சொல்வதானால் சொல்லுங்கள்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். கடைசியில் அவளுக்குப் பார்வையே இல்லை என்பது தெரியாது. நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. அவளுக்கு எப்படித் தொடங்கியது தெரியுமா? அந்தி வெளிச்சத்தில் மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்தது அவளுக்கு மட்டும் தெரியவில்லை. கொல்லையில் நிற்கும் ஆளைத் தெரியவில்லை என்றாள். நாங்கள் சிரித்தோம். பகலில் நன்றாகத்தான் பார்த்தாள், ஊசியில் நூல்கூடக் கோர்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. இது குடும்பத்தில் வரக்கூடியது என்று டாக்டர் அப்போதே சொன்னார். தங்கையையும் ஒரு தடவை கூட்டி வாருங்கள் என்றார். நான் போகவில்லை. அன்று முதல் இன்றுவரை போகவில்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். காதில் விழாதவரை இல்லை என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு உங்கள் மாடியில், அந்தி வேளையில், எனக்கு முன்னால் இருந்தவர் பார்த்தார், பின்னால் இருந்தவர் பார்த்தார். எனக்கு மட்டும் வெறும் சாம்பல் நிற வானம். நீங்கள் மைக்கில் சொன்னது இருக்கட்டும். அதை நீங்கள் சொல்வதற்கு முன்பே எனக்கு உள்ளே எல்லாம் நின்றுவிட்டது. கூட்டத்தோடு நானும் சிரித்தேன். உங்களுக்கு ஞாபகம் இருப்பது சரிதான்.

இங்கே வந்ததிலிருந்து பொழுது சாய்ந்தால் வாசலில் நின்று எதிர்வீட்டு மாடியில் எத்தனை துணி காய்கிறது என்று எண்ணுகிறேன். எண்ணிய பிறகு, தெரிந்து எண்ணினேனா பழக்கத்தில் எண்ணினேனா என்று சந்தேகம் வருகிறது. கல்யாணப் பட்டு ஒன்றை வெட்டக் கொடுத்தார்கள். கத்தரியை எடுத்தேன், கை ஓடவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாராவது பெரிய மனுஷியின் துணியைக் கெடுத்துப் பேரைக் கெடுத்துக்கொள்வதைவிட, மரியாதையோடு மூடிவிடுவது நல்லது என்று முடிவு செய்திருக்கிறேன். ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினையும் பெரிய மெஷினையும் எடுத்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறது. கடையில் பட்டன் காஜா எடுக்கும் பெண்ணுக்கு வேறு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் என்னிடம் காரணம் கேட்கிறாள். வயசாயிற்று என்கிறேன்.

போன கடிதத்தில் நான் கேட்ட கேள்விக்கு, யாராவது ஒருவர் தெரியவில்லை என்றார் என்று எழுதியிருப்பீர்கள் என எதிர்பார்த்தேன். உங்கள்மேல் தப்பில்லை. நடந்ததைத்தானே எழுத முடியும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

மார்ச் 21, சனிக்கிழமை

சம்பந்தி அம்மா,

இதைக் கொண்டுவருகிறவர் உங்கள் ஊருக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர். தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது, போனை எடுக்க மாட்டீர்கள். படித்து முடிக்கும்வரை அவரை நிறுத்தி வையுங்கள். அன்றைக்கு உங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர். என்ன பார்த்தார் என்று அவரையே கேளுங்கள்.

அவர் ஒன்றும் பார்க்கவில்லை. யாருமே ஒன்றும் பார்க்கவில்லை. உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை அம்மா. அங்கே வால்நட்சத்திரமே இல்லை.

உங்கள் கடிதம் இன்று காலையில் வந்தது. படித்ததும் என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகுதான் சொன்னாள்: "எனக்கும் அன்னைக்கு ஒண்ணும் தெரியலைங்க."

நான் நம்பவில்லை. பார்த்ததாகச் சொன்னாயே என்றேன். "பின்னாடி அவ்வளவு பேர் நிக்கிறாங்க. நீங்க மைக்ல அவ்வளவு ஆசையா பேசிட்டு இருக்கீங்க. உங்க சம்சாரமே தெரியலைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

அப்படியே எழுந்து மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மாத்திரையைப் பிரித்துக்கொண்டே, "தப்பா நினைக்காதீங்க. புகை மாதிரி இருக்கும்னு சொன்னீங்க. நானும் பார்த்தேன், புகை மாதிரி எதுவும் இல்லை. சரி, நமக்குத்தான் பார்க்கத் தெரியலைன்னு நினைச்சு ஆமான்னுட்டேன்" என்றார். வங்கி அக்காவும் அதையே சொன்னார். தங்கை தெரிந்தது என்றதால் தானும் தெரிந்தது என்றாராம். தங்கையைக் கேட்டால், அக்கா சொன்னதால் சொன்னேன் என்கிறார். தடித்த கண்ணாடிப் பெரியவர் இருக்கிறாரே, அவர் கண்ணாடியோடு கண்ணை வைக்கவே முடியவில்லையாம். மரியாதைக்கு அழகாக இருக்கிறது என்றாராம்.

வீட்டுக்கு வந்து டெலஸ்கோப்பை மாடியில் வைத்து, தூரத்தில் தெரியும் கோபுர விளக்கைச் சின்னக் குழலில் குறி பார்த்தேன். பெரிய குழலில் பார்த்தால் விளக்கைக் காணோம், எங்கோ ஒதுங்கிக் கிடக்கிறது. திருகு ஆட்டோவில் இடித்து ஆடவில்லை. அந்தக் கவுன்சிலர் போட்டோவுக்காகத் தோளில் கை போட்டுச் சாய்ந்தாரே, அப்போது பிசகியிருக்கிறது. அதற்கு முன்னால் பார்த்தவர்களையும் விசாரித்தேன், அவர்கள் நிஜமாகவே பார்த்திருக்கிறார்கள். அவரிலிருந்து ஒருவரும் பார்க்கவில்லை. நட்சத்திரம் நகர நகர நான் சின்னக் குழலில் குறி பார்த்துத் திருப்பிவிட்டுக்கொண்டே இருந்தேன். பெரிய குழலில் ஒரு தடவைகூட நான் கண்ணை வைக்கவில்லை. எனக்குத்தான் பேச வேண்டியிருந்ததே. முதலில் ஒன்றும் இல்லாத மாதிரி தோன்றும் என்று வேறு முன்கூட்டியே சொல்லி, பொய் சொல்ல அத்தனை பேருக்கும் நானே வழி பண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

அவ்வளவு கூட்டத்தில் கண்ணால் கண்டதை அப்படியே சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். உங்களைத்தான் நான் கண் டாக்டரிடம் போகச் சொன்னேன்.

மெஷினைக் கொடுத்துவிடாதீர்கள். வருகிற ஆளைத் திருப்பி அனுப்புங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் சம்பந்தி

மார்ச் 25

அன்புள்ள சம்பந்திக்கு,

நீங்கள் அனுப்பிய சாட்சி நல்ல சாட்சி. கடை வாசலில் பஸ்ஸையே நிறுத்திவிட்டு வந்து நின்றார். உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஹாரன் அடிக்கச் சொல்லி யாரோ சத்தம் போடுகிறார்கள். நான் படித்து முடித்து நிமிர்ந்ததும், கேட்காமலே, "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியலைங்க அம்மா. முன்னாடி நின்னவர் ஆகா ஓகோன்னார், நானும் ஆகான்னுட்டேன்" என்றார். அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கொடுக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தால் நிற்கவில்லை. காஜா எடுக்கும் பெண் பயந்து ஓடிவந்தாள்.

வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் உங்கள்மேல் கோபம் வந்தது. இத்தனை நாள் வராத கோபமெல்லாம் சேர்ந்து வந்தது. அக்கா மாதிரி ஆகிவிடுவேன் என்று நான் எதிர்வீட்டுத் துணியை எண்ணிக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஆட்டோக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அந்த ஆட்டோக்காரரிடமும் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

மெஷின் வாங்க வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார். பட்டுத் துணியைத் திரும்பக் கேட்டு வாங்கினேன்.

இன்னொன்று. நேற்றைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்கள் கடிதம் வந்த பிறகு எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் திருகு ஆடியது சரி, அதனால் என் கண் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாதே. ஆனால் நீங்கள் கொடுத்த தைரியத்தில் போக முடிந்தது. சொட்டு மருந்து விட்டு, இருட்டு அறையில் உட்கார வைத்து, என்னென்னவோ விளக்கைக் காட்டினார்கள். டாக்டரம்மா சின்ன வயசுதான். அக்காவைப் பற்றி எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, மறுபடியும் ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். "உங்க அக்காவுக்கு வந்தது உங்களுக்கு இல்லம்மா. வர்றதா இருந்தா இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும்" என்றார். கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடிக்கு மட்டும் பவர் கொஞ்சம் மாற்றச் சொன்னார்.

அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் எழுந்தேன். வெளியே வந்து மகனுக்குப் போன் செய்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அழுதான். இத்தனை வருஷமா ஏம்மா சொல்லலை என்று திட்டினான். திட்டு வாங்க நன்றாக இருந்தது.

இனிமேல் போனை எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

மார்ச் 27

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நானும் என் மனைவியும் மாறி மாறிப் படித்தோம். உயிர் வந்தது. ஆட்டோக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவர் மன்னிக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே மாடியில் மறுபடியும் கூட்டம் வைத்திருக்கிறேன். வால்நட்சத்திரம் முன்பைவிட மங்கிவிட்டது, ஆனால் இப்போது உயரத்தில் நிற்கிறது, இருட்டிய பிறகும் பார்க்கலாம். திருகைப் புதிதாகப் போட்டுவிட்டேன். மைக்கில் நடந்ததை மைக்கில்தான் சரி செய்ய வேண்டும். எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். நூலகத்துக்காரருக்கு இதில் இஷ்டமில்லை. அவ்வளவு பேரையும் ஒரே சமயத்தில் பொய்யர்கள் என்று சொன்னால் அடுத்த தடவை யார் வருவார்கள் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வராவிட்டால் போகட்டும்.

நீங்கள் வர வேண்டும். வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். பார்க்கச் சொல்லி வற்புறுத்த மாட்டேன். சும்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் போதும்.

உங்கள் சம்பந்தி

மார்ச் 31

அன்புள்ள சம்பந்திக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். சில விஷயம் எனக்கு வாயில் வராது, எழுதினால் வரும்.

நீங்கள் மைக்கைப் பிடித்ததும் நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "போன தடவை பாதிப் பேருக்கு நான் காட்டினது வெறும் வானம். அதை ஒருத்தங்கதான் சொன்னாங்க. அவங்களை நான் கேலி பண்ணினேன். அவங்க இங்க வந்திருக்காங்க. என்னை மன்னிச்சிடுங்க சம்பந்தி" என்றீர்கள். அப்புறம் மருந்துக் கடைக்காரர் கையைத் தூக்கினார். "எனக்கும் தெரியலை" என்றார். அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று ஒவ்வொரு கையாக உயர்ந்தது. சிரிப்பு தொடங்கியது. இந்தத் தடவை அந்தச் சிரிப்பில் நானும் மனசோடு சேர்ந்துகொண்டேன். கவுன்சிலர் மட்டும், தனக்கு வால் தெரிந்தது தெரிந்ததுதான் என்று கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மனுஷனையும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

நூலகத்துக்காரர் பயந்தபடி நடக்கவில்லை. ஆனால் வரிசைதான் நகரவே இல்லை. ஒவ்வொருவரும், "தெரியலை சார்", "இன்னும் தெரியலை சார்" என்று நிற்கிறார்கள். நீங்கள் ஒவ்வொரு தடவையும் குனிந்து பெரிய குழலில் பார்த்துச் சரி செய்து கொடுத்தீர்கள். பேச உங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. உங்கள் மனைவி என் காதில், இவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை என்றார்.

பிறகு நான் எழுந்து வந்தேன். கண்ணை வைத்தேன். வைத்து எடுக்காமல் நின்றேன். உங்கள் முகம் வெளுத்துவிட்டதாம், உங்கள் மனைவி சொன்னார். நீங்கள் மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கிட்டே வந்து, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க சம்பந்தி, தப்பே இல்லை" என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகும் நீங்கள் கேட்கவில்லை. உங்கள் நல்ல குணம்.

இப்போது சொல்கிறேன். தெரிந்தது. கண்ணை வைத்தவுடன் தெரிந்தது, ஓரக்கண்ணெல்லாம் தேவைப்படவில்லை. வெள்ளையாக, சின்னதாக, ஒரு பக்கம் மட்டும் ஓரம் அடிக்காத துணி மாதிரிப் பிசிறு பிசிறாகப் போய்க்கொண்டிருந்தது. அது அங்கே இருந்தது, நான் அதைப் பார்த்தேன். உடனே கண்ணில் தண்ணீர் வந்து எல்லாம் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மறுபடியும் இருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி